கூட்டலுக்குள் வெட்டக் கூடாது

விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன முத்தலிப் சேர் குழாயடியில் விழுந்தார். தண்ணீர் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டு அவர் மனைவி சபூறா எட்டிப் பார்த்தபோது வாளி நிரம்பி வழிந்து அவருடைய சாரன் முழுக்க நனைந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. "இஞ்சாருங்க, இஞ்சாருங்க" என்று கூப்பிட்டபடி அவள் ஈரத்திலேயே குந்தி, அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். அது சொல்லாக வரவில்லை.

பாரிசவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையும் வலது காலும் பேச்சும் ஒன்றாகப் போயிருந்தன. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு நன்றாகவே திரும்பியது, அதுவும் எல்லோரும் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரமாக. வார்ட்டில் டொக்டர் அவரிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கிழமை கேட்டார், விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னார். "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று சபூறா அழுதாள். கணித ஆசிரியராயிற்றே, ஒரு கணக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

கல்முனைக்குடியில் முத்தலிப் சேரைத் தெரியாத வீடு குறைவு. பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, சபூறாவின் வளவுக்குள் போட்டிருந்த தகரக் கொட்டிலில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு எடுத்தார். கேத்திரகணிதம், புள்ளிவிபரம் எல்லாவற்றையும் படிப்பித்தாலும் அவர் பெயர் எடுத்தது அட்சரகணிதத்தில்தான். மேலே ஒரு கோவை, கீழே ஒரு கோவை, அங்கங்கே சுட்டிகள் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பின்னங்களை அவர் பலகையில் வரிவரியாகச் சுருக்கிக்கொண்டு வருவார். கடைசி வரியில் சின்னதாக ஒரு விடை நிற்கும். கணக்கே வராது என்று வீட்டார் கைவிட்ட பிள்ளையும் அந்தக் கடைசி வரியைப் பார்த்துச் சிரிக்கும்.

அவர் அதிகம் கோபப்பட்டது ஒரே ஒரு பிழைக்கு. மேலே x + 6 இருக்கும், கீழே x இருக்கும். பிள்ளைகள் இரண்டு x-ஐயும் வெட்டிவிட்டு ஆறு என்று எழுதும். "கலியாண வீட்டுல ஒரு சோத்துச் சஹனச் சுத்தி ஆறு பேர் குந்தித் தின்னுறாங்க. அதில ஒரு ஆளுட சோத்த மட்டும் பிரிச்சி எடுக்கேலுமா? எடுக்கிறண்டா சஹனோட எடு. கூட்டலுக்குள்ள கை வெக்காத. பெருக்கல்ல இருந்தா மட்டும் வெட்டு" என்பார். வருசா வருசம் இதையே சொன்னார். அவரிடம் படித்து இப்போது வங்கியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் இருப்பவர்கள்கூட கலியாண வீட்டில் சஹனைக் கண்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்துக்குச் சுகவீன லீவு போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கையை அசைக்கச் சொல்லிக் கொடுக்க வந்தவரிடம் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டுத் திரும்பவும் படுத்தார். சபூறா கஞ்சி வைத்தாள், எண்ணெய் தேய்த்தாள், குர்ஆனில் யாஸீன் ஓதி அவர் மேல் ஊதினாள். "எழும்பி இருங்களன்" என்று சொல்லும்போதெல்லாம் "எழும்பி என்னத்தச் செய்ய?" என்று கேட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு பின்னேரம் இரண்டு பிள்ளைகள் கேற்றடியில் வந்து, சேருக்கு எப்படி, வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் அதை வந்து சொன்னாள். அவர் சுவரை விட்டுத் திரும்பி, "அந்தச் சீப்ப எடு" என்றார்.

இடக் கையால் தலை சீவுகிற அவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே சபூறா முடிவெடுத்துவிட்டாள். அன்றைக்கே பிள்ளைகளின் வீடுகளுக்குக் கோல் எடுத்தாள். பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, சேர் வகுப்புத் தொடங்குகிறார், வாங்க என்று சொன்னாள். பெற்றோருக்கும் சந்தோசம். வாங்குகளைத் துடைத்து, வைற்போட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினாள்.

முதல் நாள் அவர் சுட்டி விதிகளில் தொடங்கினார். குரல் பழைய குரல்தான். "அடி ஒண்டா இருந்தா, பெருக்கைக்க சுட்டியக் கூட்டு" என்று சொல்லிக்கொண்டே இடக் கையால் கோணல்மாணலாக x² × x³ என்று எழுதி, அதற்கு நேரே x⁶ என்று போட்டார்.

"அஞ்சு, சேர்" என்றாள் ஹிமாயா. வகுப்பில் கெட்டிக்காரி அவள்தான்.

அவர் பலகையைப் பார்த்தார். ஆறை அழித்து ஐந்து ஆக்கினார். "இடக் கைக்கு இன்னும் கணக்குத் தெரியா" என்றார். கொட்டில் முழுக்கச் சிரித்தது. குசினிக்குள் நின்ற சபூறாவுக்கு அந்தச் சிரிப்புக் கேட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்த வகுப்பில் பின்னங்கள். மேலே x + 6, கீழே x என்று எழுதினார். இரண்டு x-ஐயும் வெட்டினார். ஆறு என்று எழுதினார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹிமாயா மெல்லக் கையை உயர்த்தினாள். "சேர், அது கூட்டல்ல இரிக்கி."

"ஓம். கூட்டலுக்குள்ள வெட்டக் கூடாது" என்றார் அவர். "சஹனோடதான் எடுக்கணும். விளங்கினா?" சொல்லிக்கொண்டே அதே x-இன் மேல் திரும்பவும் ஒரு கோடு போட்டார். "அப்ப இத வெட்டினா மிச்சம் ஆறு."

கை தவறிப் போட்ட கோடில்லை அது. அவருடைய முகத்தில் சந்தேகமே இல்லை. வாய்க்கு விதி தெரிந்திருந்தது. அந்த விதி எங்கே, இந்தக் கணக்கு எங்கே என்று இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏதோ ஒன்று அவருக்குள் அறுந்து போயிருந்தது. பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் பயமாக இருந்தது. எல்லோரும் குனிந்து கொப்பியில் எழுதினார்கள்.

சபூறா இந்தத் தடவை அந்த அமைதியைக் கேட்டாள். வகுப்பு விட்டதும் ஹிமாயா தண்ணீர் குடிக்க வந்ததுபோல் குசினிக்குள் வந்தாள்.

"மாமி, சேர் இண்டைக்குச் செஞ்சது பிழை."

"களைச்சிப் போயிருப்பார், மகள்."

"களைப்பில்ல மாமி. கேட்டதுக்கு சேர் விதியச் சரியாச் சொல்லுறார். மறுகா பிழையாத்தான் செய்யிறார். அது பிழையெண்டு அவருக்குத் தெரியா."

சபூறா ஓ.எல். கணிதத்தில் தட்டுத் தடுமாறிச் சித்தியடைந்தவள். x-ஐ எப்போது வெட்டலாம், எப்போது கூடாது என்பது அவளுக்கு நினைவில் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளையின் முகம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. வெளியே அவர் இடக் கையால் பலகையைத் துடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாகப் பாடுவது கேட்டது. விழுந்த நாளிலிருந்து அவர் பாடி அவள் கேட்டதில்லை.

"சேர்ட்டச் சொல்லாதீங்க புள்ள" என்றாள். "இதையும் எடுத்தா அவர் திரும்பப் படுத்திருவார். பாத்துப் பாத்து எழுதுங்க. உங்களுக்குச் சரி எதெண்டு தெரியும்தானே."

ஹிமாயா தலையாட்டினாள். அன்றிலிருந்து பிள்ளைகள் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் சேர் எழுதுவதை அப்படியே எழுதுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு ஹிமாயா சரியான வழியைத் தாளில் செய்து படம் பிடித்து வட்சப் குறூப்பில் போடுவாள். சில பிள்ளைகள் வேறு வகுப்புக்கும் போகத் தொடங்கினார்கள், ஆனால் சேரிடம் வருவதை நிறுத்தவில்லை. அவர் கேட்டால் "விளங்கினது சேர்" என்றார்கள். வெட்டக் கூடாததை அவர் வெட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பாரம் என்று சபூறா யோசித்ததில்லை. அவர் காலையில் தானாக எழும்பிச் சேவ் எடுப்பதை மட்டும் அவள் பார்த்தாள்.

குறூப்பில் இல்லாத ஒரு பிள்ளை இருந்தது. றுஸ்தா.

றுஸ்தா மற்றவர்களை விட வயதில் மூத்தவள். அவளுடைய வாப்பா ஹஸன் தோணியில் மீன்பிடிக்கப் போகிறவர். மற்ற எல்லாப் பாடத்திலும் சித்தி, கணிதத்தில் மட்டும் இரண்டு தடவை W, தோல்வி. கணிதம் இல்லாததால் மேலே படிக்க வழி அடைபட்டு வீட்டில் இருந்தாள். "இந்த முறைதான் கடைசி. மறுகா கடைக்கு வேலைக்குப் போ" என்று வாப்பா சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே போன் அவரோடு கடலுக்குப் போகும், அதுவும் பட்டன் போன். முத்தலிப் சேர் சித்தியாக்கிவிடுவார் என்று ஊர் சொல்வதை நம்பி, அவர் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வகுப்பில் சேர்ந்திருந்தாள். யாரோடும் அதிகம் கதைக்க மாட்டாள். வகுப்பு விட்டதும் தம்பிமாருக்குச் சோறு ஆக்க ஓடிவிடுவாள்.

முன்வாங்கில் இருந்து, பலகையில் விழுகிற ஒவ்வொரு கோட்டையும் அவள் எழுதினாள். கேள்வி கேட்க மாட்டாள். சேர் சொன்னால் சரி. மற்றப் பிள்ளைகளின் முகங்களில் ஒரு மூடாக்கு விழுந்திருந்தபோது இவளுடைய முகம் மட்டும் திறந்திருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னமே அவளை வரச் சொல்லித் தனியாகக் கணக்குக் கொடுத்தார். "எல்லாத்தையும் பிடிக்கத் தேவல்ல. அட்சரகணிதத்த மட்டும் இறுக்கிப் பிடி. சித்திக்கு அது காணும்" என்றார். அவள் அதை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கொட்டிலுக்குக் கொண்டுபோன சபூறாவிடம் றுஸ்தா சொன்னாள். "மாமி, இத்தன காலமும் எனக்கு இது விளங்கவே இல்ல. இப்பதான் விளங்குது. நான் செய்யிற எல்லாம் சரியெண்டு சேர் சொல்லுறார்."

சபூறா கோப்பையை வாங்கில் வைத்தாள். சேர் அங்கேயே கதிரையில் இருந்தார், சிரித்தபடி. ஒரு வசனம் அவள் வாய்வரை வந்தது. பிறகு கூப்பிட்டுச் சொல்லலாம், ஹிமாயாவைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம் என்று நினைத்து அதை விழுங்கிவிட்டாள். "நல்லாப் படிங்க மகள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பினாள். பிறகு என்று நினைத்தது வரவே இல்லை. வராமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

அழகரெத்தினம் சேர் வந்தது அதற்குப் பிறகு. காரைதீவுக்காரர், முத்தலிப் சேரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவர். நலம் விசாரிக்க வந்தவரை முத்தலிப் சேர் கொட்டிலில் பின்வாங்கில் இருத்தி, "எங்கட வகுப்பையும் ஒருக்காப் பாருங்களன்" என்றார். அழகரெத்தினம் கடைசிவரை இருந்து பார்த்தார். போகும்போது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றுக்கு வெளியே வந்து, சபூறா வரும்வரை நின்றார்.

"தங்கச்சி, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கிளினிக்கில சொன்னீங்களா?"

"இல்ல."

"இந்த வகுப்ப நிப்பாட்டணும். நான் எடுக்கிறன் புள்ளைகள. ஏதாவது ஒரு காரணம் சொல்லுவம்."

சபூறா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிப்பாட்டினா அவர் என்னத்துக்கு எழும்புவார் எண்டு சொல்லுங்க. படுத்த ஆளப் பாத்தவ நான். புள்ளயளுக்குத் தெரியும். அவங்க சரியாத்தான் படிக்காங்க. பரீட்ச முடியட்டும். நானே நிப்பாட்டுறன்."

"எல்லாப் புள்ளைக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் சபூறா.

அழகரெத்தினம் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருபது வருசத்துக்கு மேலாக ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட மனிதனிடம் உள்ளே போய் இதைச் சொல்ல அவராலும் முடியவில்லை. "யோசிங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

பரீட்சை வந்தது, போனது. பிள்ளைகள் வருவது நின்றது. அவர் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டார், ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று கேட்டார். கால் பலமாகட்டும் என்று சபூறா தள்ளிப் போட்டாள்.

முடிவுகள் வெளிவந்த அன்று காலையிலேயே ஹிமாயா உம்மாவோடு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்தாள். கணிதத்தில் A. உம்மா வாசலோடு திரும்பிவிட, ஹிமாயா மட்டும் உள்ளே வந்து சேருக்கு ஸலாம் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு பிள்ளைகளும் சித்தி என்று கோல் எடுத்துச் சொன்னார்கள். முத்தலிப் சேர் சாரனுக்கு மேலே வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன்வராந்தாவில் இருந்தார். வாயில் மஸ்கட் துண்டு.

றுஸ்தா கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். அழுது முடித்துவிட்டு முகம் கழுவி வந்த முகம்.

"சேர், எனக்கு W போட்டிரிக்காங்க. அது பிழையா இரிக்கும். நான் எல்லாம் செஞ்சன். மீளாய்வுக்குப் போட நீங்க சொல்லித் தரணும்."

சபூறா உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தாள்.

"நீ W எடுக்கேலா" என்றார் அவர். "எப்பிடிச் செஞ்சாய், அட்சரகணிதக் கணக்க? ஞாபகம் இரிக்கா? எழுது பாப்பம்."

எல்லோரும் கொட்டிலுக்குப் போனார்கள். பலகையில் தூசி படிந்திருந்தது. றுஸ்தா கையால் ஒருபக்கத்தைத் துடைத்துவிட்டு எழுதினாள். மேலே x² + 3x, கீழே x². மேலே உள்ளதைக் காரணிப்படுத்தி x(x + 3) என்று ஆக்கினாள். மேலும் கீழும் ஒவ்வொரு x-ஐ வெட்டினாள். மேலே x + 3, கீழே x என்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. மிச்சமிருந்த இரண்டு x-ஐயும் வெட்டி, விடை மூன்று என்று எழுதினாள்.

முத்தலிப் சேர் வரிவரியாகப் பார்த்தார். "சரிதானே" என்றார். "இதுக்கு எப்பிடி W போடுவாங்க? மீளாய்வுக்குப் போடு. நான் சொல்லுறன்."

ஹிமாயா சபூறாவைப் பார்த்தாள். சபூறா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஹிமாயாவின் கண்கள் நிரம்பிவிட்டன. மீளாய்வுக்குப் போட்டு, காத்திருந்து, திரும்பவும் அதே எழுத்து வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல சேர்" என்றாள். "கடைசி வரி பிழை. x + 3, கீழ x. அதோட நிப்பாட்டணும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிள்ளை வித்தியாசமான விடை சொன்னால் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். "x-க்கு ஒண்டு போட்டுப் பாப்பம்" என்றார். இடக் கையில் மாக்கரை எடுத்தார். ஒன்றின் வர்க்கம் ஒன்று. மூன்று தர ஒன்று மூன்று. ஒன்றும் மூன்றும் நாலு. விரல்களை மடித்து இன்னொரு தடவை எண்ணினார். கீழே ஒன்று. நாலு. நாலைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டார். பிறகு றுஸ்தாவின் மூன்றைப் பார்த்தார். ஹிமாயா சொன்னதில் ஒன்றைப் போட்டார். அங்கேயும் நாலு வந்தது.

மூன்றையும் நாலையும் மாறி மாறிப் பார்த்தார். தகரத்தின் மேல் காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

"இந்தக் கடைசி வெட்டு உனக்கு யார் சொல்லித் தந்த?" என்று றுஸ்தாவிடம் கேட்டார்.

"நீங்கதான் சேர்" என்றாள் அவள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி முடித்தபோது அவளுக்கும் விளங்கத் தொடங்கியது. ஹிமாயாவின் பக்கம் திரும்பினாள். "நீ வேற மாதிரியா எழுதின?"

"நாங்க குறூப்பில போட்டோம்" என்றாள் ஹிமாயா. "உன்னட்டப் போன் இல்ல. நீ வேற எங்கயாவது கேட்டுப் படிக்கிறாய் எண்டு நினைச்சன்."

"எல்லாரும் வேற மாதிரியா?"

றுஸ்தா வைற்போட்டை ஒரு தடவை பார்த்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கேற்றைத் தாண்டிப் போனாள்.

முத்தலிப் சேர் கதிரையில் உட்கார்ந்தார். "எப்ப இருந்து சபூறா?" என்றார்.

"விழுந்ததுக்குப் பிறகு."

"முதல் வகுப்பில இருந்தா?"

"ஓம்."

"புள்ளயள் எல்லாருக்கும் தெரியும்?"

"அந்தப் புள்ளயத் தவிர எல்லாருக்கும்."

"உனக்கு?"

அவர் மாக்கரின் மூடியைத் தேடினார். கிடைக்கவில்லை. திறந்தபடியே சேட்டுப் பைக்குள் போட்டார். பை கறுப்பாக ஊறியது. அவர் பார்க்கவில்லை.

அன்றைக்கே றுஸ்தாவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். சபூறா த்ரீவீலரில் கூட்டிப்போனாள். ஹஸன் வலையை விரித்துப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். சேரைக் கண்டதும் எழும்பிக் கதிரை கொண்டுவந்தார். சேர் இருக்கவில்லை. சுவரைப் பிடித்து நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். தன் மூளை பழுதானது, அது தனக்கே தெரியாமல் இருந்தது, பிள்ளைக்குப் பிழையாகப் படிப்பித்தது, அவள் தோற்றது அவளுடைய பிழை இல்லை என்று. ஹஸனுக்கு x-ம் சுட்டியும் விளங்கவில்லை. சேர் அழுகிறார் என்பது விளங்கியது. "அல்லாஹ் எழுதினது சேர். நீங்க ஏன் இதுக்குப் போய்" என்று சொல்லி அவரைத் தாங்கிப் பிடித்தார். றுஸ்தா உள் அறையிலிருந்து வரவே இல்லை.

அந்த மாதம் கிளினிக்கில் சபூறா எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் சில தாள்களை வைத்துச் சேரைச் சோதித்தார். பேச்சு தப்பிப் பிழைத்திருக்கிறது, கணக்குச் செய்கிற திறமை தப்பவில்லை, பயிற்சியால் கொஞ்சம் வரலாம், பழைய அளவுக்கு வரும் என்று நம்ப வேண்டாம் என்றார். முத்தலிப் சேர் பள்ளிக்கூடத்திலிருந்து சுகவீனத்தால் ஓய்வுபெற எழுதிக் கொடுத்தார். வைற்போட்டை அழகரெத்தினம் தன் வகுப்புக்கு ஏற்றிப் போனார். அதன் பிறகு அழகரெத்தினம் வருவதும் குறைந்துபோனது.

பெருநாளுக்கு முதல் சபூறா கல்முனை பசாருக்குப் போனாள். தேடிப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். றுஸ்தா ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். சனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. துணிக் கட்டுகளுக்கு நடுவே நின்று றுஸ்தா யாருக்கோ துணியை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். சபூறாவைக் கண்டதும் முகம் மாறவில்லை. "என்ன மாமி பாக்கிறீங்க?" என்று மற்ற ஆட்களிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

சபூறா ஏதோ ஒரு சேட்டுத் துணியைக் காட்டினாள். "மகள், காரைதீவு அழகரெத்தினம் சேர் உங்களுக்குத் தனியாச் சொல்லித் தாறன் எண்டு சொல்லியிரிக்கார். வீட்ட வந்து சொல்லித் தருவார். இன்னொருக்கா எழுதலாம்."

"வேணாம் மாமி."

"வாப்பாவோட நான் கதைக்கன்."

"வாப்பா ஒண்டும் சொல்லல்ல. எனக்குத்தான் ஏலா." துணியை விரித்தாள், அளந்தாள். "ஒரு கணக்கப் பாத்தா இப்ப எது சரி, எது பிழையெண்டு எனக்கே தெரியுதில்ல. எல்லாம் சரி மாதிரித்தான் இரிக்கி. முந்தித் தெரியா எண்டாவது தெரியும்."

"சேர் இரவு பகலா உங்களத்தான் நினைக்கார். அவரப் பொறுத்துக்கங்க."

"சேர்ல எனக்குக் கோவம் இல்ல மாமி. அவருக்குத் தெரியாமத்தானே நடந்த." கத்தரியை வைத்தாள். துணியை மடித்துப் பையில் போட்டு நீட்டினாள். "உங்களுக்குத் தெரியும்தானே."

பக்கத்தில் நின்றவர்கள் விலை கேட்டார்கள். றுஸ்தா அந்தப் பக்கம் திரும்பினாள். சபூறா பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பின்னால் வந்தவர்கள் இடித்தபோதுதான் வழிவிட்டாள்.

வீட்டில் முத்தலிப் சேர் முன்வராந்தாவில் இருந்தார். முன்போல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. எழும்புவார், தொழுவார், வந்து இருப்பார். யாராவது கணக்கு என்று பேச்செடுத்தால் உள்ளே போய்விடுவார்.

"எங்க போன?" என்றார்.

அவள் ஒளிக்கவில்லை. றுஸ்தாவைத் தேடிப் போனதையும், அவள் படிக்க மாட்டேன் என்றதையும் சொன்னாள். கடைசியாகச் சொன்னதையும் அதே வார்த்தைகளில் சொன்னாள். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று மனதின் ஒரு மூலையில் அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் சொல்லியிரிக்கா" என்றார்.

பொழுது சாய்ந்து பள்ளியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சபூறா பையைக் கதிரையில் வைத்துவிட்டு, அவர் வுழூ எடுக்க வசதியாகக் குழாயடியில் முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் எழும்பி வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.